புல்லியின் விட்டம்: கேள்விகளும் பதில்களும்

கேள்வி: ஐயா, எங்கள் மாவு மில்லில் 5 குதிரைத்திறன், நிமிடத்துக்கு 1440 சுற்று மோட்டார் ஓடுகிறது. மோட்டாரில் 3 அங்குலப் புல்லி, அரவைப் பக்கம் 9 அங்குலப் புல்லி, இரண்டு பி வகை வி பெல்ட் (ஆப்பு வடிவ பெல்ட்). எந்த பெல்ட் வாங்கிப் போட்டாலும் அடிப்பக்கம் வெடித்து, சில மாதங்களில் அறுந்துவிடுகிறது. என்ன செய்யலாம்?

பதில்: பெல்ட் மீது பழி போடுவதற்கு முன் மோட்டார்ப் புல்லியைப் பாருங்கள். பி வகை பெல்ட்டுக்கு ஏற்ற மிகச் சிறிய விட்டம் 125 மி.மீ.; உங்களிடம் இருக்கும் 75 மி.மீ. ஏ வகைக்கு உரிய எல்லை. அளவுக்கு மீறி வளைந்து நிமிரும் பெல்ட் சூடேறி, அடிப்பக்க ரப்பர் வெடிக்கத்தான் செய்யும். இரண்டையும் 5 அங்குலம், 15 அங்குலம் என்று மாற்றினால் அரவை வேகம் அதே 480 சுற்றாகவே இருக்கும். ஆனால் பெல்ட்டின் வேகம் நொடிக்கு 5.7 மீட்டரிலிருந்து சுமார் 9.5 மீட்டராகக் கூடும். திறன் என்பது இழுவிசையையும் வேகத்தையும் பெருக்கினால் கிடைப்பது என்பதால், அதே 5 குதிரைத்திறனைக் கடத்த வேண்டிய இழுவிசை ஏறத்தாழ 40 சதவீதம் குறைகிறது. பெல்ட்டுக்கு மட்டுமல்ல, மோட்டாரின் முன்பக்க பேரிங்குக்கும் இது நிம்மதி. பலர் பேரிங்கை மாற்றிக்கொண்டே இருப்பார்கள், புல்லியை மட்டும் தொடமாட்டார்கள்.

15 அங்குலப் புல்லிக்கு இடம் இல்லை என்றால், எஸ்பிஏ வகைக் குறுகிய பெல்ட்டுக்கு மாறலாம். அதற்கு 90 மி.மீ. போதும், எதிர்ப்பக்கம் 270 மி.மீ. வரும். எத்தனை பெல்ட் தேவை என்பதைத் தயாரிப்பாளரின் அட்டவணையில் பார்த்து முடிவு செய்யுங்கள். எதைப் போட்டாலும், இரு ஷாப்ட்டுகளின் மையங்களுக்கு இடையே பெரிய புல்லியின் விட்டத்துக்குக் குறையாத தூரம் இருக்கட்டும்.

கேள்வி: ஒரு புளோயருக்கு மோட்டாரில் 132 மி.மீ., புளோயரில் 257 மி.மீ. புல்லி போட்டேன். 1440 சுற்றுக்குக் கணக்கு 740 என்று வருகிறது. சுற்றை அளக்கும் டாக்கோமீட்டரோ 713 காட்டுகிறது. பெல்ட் வழுக்குகிறதா?

பதில்: வழுக்கல் மிகச் சிறிதே, பிழை பெரும்பாலும் அளந்த இடத்தில் இருக்கிறது. நீங்கள் எடுத்தது வெளிவிட்டம். வி பெல்ட்டின் இழுவை நார்கள் காடியின் (பெல்ட் உட்காரும் பள்ளத்தின்) விளிம்புக்குக் கீழே ஓடுவதால், அந்த நார்கள் ஓடும் வட்டத்தின் விட்டமான பிட்ச் விட்டத்தை வைத்தே கணக்கிட வேண்டும். பி வகையில் அது வெளிவிட்டத்தைவிடச் சுமார் 7 மி.மீ. குறைவு. ஆக உங்கள் புல்லிகள் 125, 250, வேகம் 720. அதில் ஒரு சதவீத நழுவலைக் கழித்தால் 713 வந்துவிடுகிறது. காற்று போதவில்லை என்று மோட்டார்ப் புல்லியைப் பெரிதாக்குவதற்கு முன் ஒன்றை நினைவில் கொள்ளுங்கள்: புளோயரின் வேகத்தை 10 சதவீதம் கூட்டினால் அது கேட்கும் திறன் 33 சதவீதம் கூடும்.

கேள்வி: பெல்ட்டின் கோணம் 40 பாகை என்கிறார்கள். காடியை ஏன் 34, 38 என்று கடைகிறார்கள்?

பதில்: வளையும்போது பெல்ட்டின் அடிப்பக்கம் பிதுங்கி அகலமாவதால் அதன் கோணம் சுருங்குகிறது. புல்லி சிறிதாக ஆக வளைவு கூடும். ஆகவே காடிக் கோணம் குறையும்.

கேள்வி: ஜல்லி கிரஷரில் 800 மி.மீ. அகலக் கன்வேயர் பெல்ட் ஒன்று மழை பெய்தாலே, அதை இழுக்கும் முன்முனை உருளையான ஹெட் டிரம்மில் வழுக்குகிறது. 400 மி.மீ. டிரம்மை 500 ஆக்கினால் சரியாகுமா?

பதில்: ஆகாது. இறுக்கப் பக்க இழுவிசைக்கும் தளர்ந்த பக்க இழுவிசைக்கும் இடையே வழுக்காமல் தாங்கும் உச்ச விகிதம் உராய்வையும் பெல்ட் சுற்றியிருக்கும் கோணத்தையும் மட்டுமே பொறுத்தது. அந்தச் சூத்திரத்தில் விட்டத்துக்கு இடமே இல்லை. நனைந்த வெறும் இரும்பின் உராய்வுக் குணகம் ஏறத்தாழ 0.1; அரைச் சுற்றில் விகிதம் 1.37 மட்டுமே. அதே டிரம்முக்கு மீன்முள் வடிவக் காடி வெட்டிய ரப்பர் லேகிங் (டிரம்மின் மேலுறை) போட்டால் குணகம் 0.35 வரை உயர்ந்து, விகிதம் 3ஐ எட்டும். பெல்ட்டை அழுத்தி டிரம்மை இன்னும் சுற்றவைக்கும் சிறிய ஸ்னப் டிரம் வைத்துச் சுற்றுக் கோணத்தை 210 பாகையாக்கினால் 3.6. சேறு படிந்தால் இந்த எண்கள் குறையும் என்பதால் அதை வழித்தெடுக்கும் ஸ்கிரேப்பரையும் கவனியுங்கள். பெல்ட்டை இழுத்துப் பிடிக்கும் எதிர் எடையைக் கூட்டியும் வழுக்கலை நிறுத்தலாம்தான். அந்தச் சுமையை ஷாப்ட்டும் பெல்ட்டின் இணைப்பும் நாள் முழுவதும் தாங்க வேண்டியிருக்கும்.

தவிர, கியர்பாக்ஸை மாற்றாமல் 500 மி.மீ. டிரம் போட்டால் பெல்ட் 25 சதவீதம் வேகமாக ஓடி, மோட்டாருக்குச் சுமை கூடும்.

கேள்வி: அப்படியானால் டிரம்மின் விட்டத்தை எதை வைத்து முடிவு செய்வது?

பதில்: பெல்ட்டின் உட்துணித் தடிமனை வைத்து. மேல், கீழ் ரப்பர் உறைகளைக் கழித்துவிட்டு, பாலியெஸ்டர் துணியானால் 108ஆலும், ஸ்டீல் கார்டு (உள்ளே இரும்புக் கம்பி வைத்த பெல்ட்) ஆனால் கம்பியின் விட்டத்தை 145ஆலும் பெருக்க வேண்டும். துணித் தடிமன் 4 மி.மீ. என்றால் 432 வரும்; அடுத்த நிலையளவான 500ஐ எடுத்துக்கொள்ளலாம். மறுமுனையில் உள்ள டெயில் டிரம் 400, ஸ்னப் டிரம் 315 போதும். உங்கள் பெல்ட்டின் துணி 3.5 மி.மீ. அளவில் இருந்தால், இப்போதுள்ள 400 டிரம்மே சரியானது. 800 மி.மீ. பெல்ட்டுக்கு டிரம்மின் அகலம் 950 இருக்கட்டும்.