படைக்கலத் தொழிற்சாலைகள்: கேளுங்கள், தெரிந்ததைச் சொல்கிறேன்

படைக்கலத் தொழிற்சாலையில் தரக்கட்டுப்பாட்டில் இருந்து ஓய்வு பெற்றவன். வரைபடம், உற்பத்தி எண்ணிக்கை, உள்ளே எடுத்த படம் மூன்றையும் கேட்காதீர்கள், மற்றதெல்லாம் கேட்கலாம்.

ஆவடியில் டேங்க் செய்வது ராணுவ ஆராய்ச்சி அமைப்பான டி.ஆர்.டி.ஓ. தானே சார்?

இல்லை. அர்ஜுன் டேங்கை வடிவமைத்தது அவர்களுடைய ஆய்வகமான சி.வி.ஆர்.டி.இ., அதைச் செய்வது எச்.வி.எஃப். என்கிற கனரக வாகனத் தொழிற்சாலை. இரண்டுமே ஆவடியில் இருப்பதால் வருகிற குழப்பம் இது.

நீலகிரி அருவங்காட்டுத் தொழிற்சாலையில் வெடிகுண்டு மருந்தா செய்கிறார்கள்?

நல்ல கேள்வி. இலக்கில் போய் வெடிக்கிற மருந்து வேறு, குண்டைக் குழலிலிருந்து தள்ளிவிடுகிற மருந்து வேறு. அருவங்காட்டுக்குப் பேர் வாங்கிக் கொடுத்தது இரண்டாவதுதான், நூறு வருஷத்துக்கும் மேலாக. பருத்தி விதையில் ஒட்டியிருக்கும் குட்டை இழையை நைட்ரிக், கந்தக அமிலக் கலவையில் போட்டால் நைட்ரோசெல்லுலோஸ் கிடைக்கும். வகைக்கு ஏற்ப அதோடு நைட்ரோகிளிசரின் சேர்த்து, பிசைந்து, முறுக்கு மாதிரி அச்சில் பிழிந்து நறுக்குவார்கள். பீரங்கி மருந்தில் பல வகைகளுக்கு ஒவ்வொரு துண்டிலும் நெடுக ஏழு துளை இருக்கும். வெளிப்பக்கம் எரிந்து சுருங்கச் சுருங்க எரியும் பரப்பு குறையும் இல்லையா, உள்ளே துளைகள் எரிந்து அகலமாகி அதை ஈடுகட்டும். அதனால் குண்டு குழலுக்குள் ஓடிக்கொண்டிருக்கும்போது அழுத்தம் சட்டென்று விழாது. துளை கொஞ்சம் ஓரமாக விலகிப்போனால் ஒரு பக்கச் சுவர் முன்னாலேயே எரிந்து தீரும், குண்டின் வேகம் ஒன்றுக்கொன்று மாறும். வெறும் கண்ணுக்கு அது தெரியவே தெரியாது.

அண்ணா, ஐ.டி.ஐ. முடித்திருக்கிறேன், திருச்சி துப்பாக்கித் தொழிற்சாலையில் சேர என்ன வழி?

அப்ரண்டிஸ் அறிவிப்பு வரும்போது போடு தம்பி. ஆனால் அப்ரண்டிஸ் முடித்தால் வேலை நிச்சயம் என்று எந்த விதியும் இல்லை. "உள்ளே ஆள் இருக்கிறது" என்று பணம் கேட்பவன் திருடன்.

2021-இல் படைக்கலத் தொழிற்சாலை வாரியத்தைக் கலைத்ததே தனியாருக்கு விற்கத்தானே?

அந்த அக்டோபர் 1-ஆம் தேதி 41 தொழிற்சாலைகளையும் 7 நிறுவனங்களாகப் பிரித்தார்கள். பங்கு முழுவதும் அரசிடம்தான். சங்கங்கள் வேலைநிறுத்தம் என்றதும் அதைத் தடுக்க அதே வருஷம் சட்டம் கொண்டுவந்தார்கள், அந்தக் கோபம் நியாயமானது. ஆனால் பலகை மாறியதையே பேசிக்கொண்டிருக்கிறோம், வாங்குகிறவர் யார் என்று யாரும் கேட்பதில்லை. டேங்க் வாங்குவது நம் ராணுவம் ஒன்றுதான். அர்ஜுனுக்கு 2000-இல் 124 ஆர்டர், அடுத்த 118-க்கு ஒப்பந்தம் 2021-இல். நடுவில் டேங்க் வேலையில் கை பழகிய வெல்டரை என்ன செய்வீர்கள்?

சாக்கு சொல்லாதீர்கள் ஐயா. தாமதம், தரக்குறைவு எல்லாம் ராணுவமா செய்தது?

தரக்குறைவு இருந்தது, நானே எத்தனையோ லாட்டைத் திருப்பி அனுப்பியிருக்கிறேன். அதற்கும் ஆர்டர் இடைவெளிக்கும் தொடர்பு இல்லை என்கிறீர்களா? ஆர்டர் நின்றால் கை பழகியவன் வேறு பிரிவுக்குப் போவான், ஆர்டர் வந்ததும் புது ஆள் முதலிலிருந்து கற்பான்.

ஏற்றுமதி செய்யட்டுமே?

வெடிபொருளில் செய்கிறார்கள். டேங்கில் அவ்வளவு சுலபமில்லை. டி-90 டேங்குக்கு உரிமம் ரஷ்யாவிடம், அர்ஜுன் எஞ்சின் ஜெர்மனியது. இரண்டு பேரையும் கேட்காமல் எதை விற்பது?

அப்படியானால் தனியாரிடமே கொடுத்துவிடலாம்.

கொடுங்கள். அவருக்கும் வாங்குகிறவர் அதே ஒருவர்தான், ஆர்டர் இல்லாத வருஷம் அவர் கடையைச் சாத்திவிட்டுப் போய்விடுவார். போர் வந்தால் யாரைப் போய் எழுப்புவீர்கள்?

ஏ.கே.203 துப்பாக்கி செய்வது திருச்சியிலா?

அமேத்தி பக்கம், கோர்வாவில். திருச்சியுடையது டார் என்கிற துப்பாக்கி.

ஆவடியில் வேலை...

மேலே திருச்சிக்குச் சொன்ன பதிலைப் பார் தம்பி. பணம் கொடுக்காதே.

சொந்தமாகக் கைத்துப்பாக்கி வாங்கலாமா?

முதலில் லைசென்ஸ். கலெக்டர் அலுவலகத்தில் கேளுங்கள், மாநகரம் என்றால் கமிஷனர் அலுவலகத்தில்.