ஸ்டார் ஒட்டுவியாப்பா?

அன்புள்ள அக்கா,

என் மகனுக்கு இரண்டே முக்கால் வயது. நான் மாடியில் துணி காயப்போடப் போனால் பின்னாலேயே வந்து கிளிப்பை ஒவ்வொன்றாக எடுத்துக் கொடுப்பான். யாரும் சொல்லித்தரவில்லை. இந்த நல்ல பழக்கத்தை வளர்க்கலாமே என்று ஃபிரிட்ஜ் கதவில் ஒரு அட்டை ஒட்டினோம். ஒரு வேலைக்கு ஒரு ஸ்டார், ஐந்து ஸ்டார் சேர்ந்தால் சாக்லேட். இரண்டு வாரம் பம்பரமாகச் சுழன்றான். இப்போது கிளிப் கேட்டால், "ஸ்டார் ஒட்டுவியாப்பா?" என்கிறான். இல்லை என்றால் கையைக் கட்டிக்கொண்டு நிற்கிறான். "முதுகில் ரெண்டு வைத்தால் தானாகச் செய்வான்" என்கிறார் அம்மா. பிள்ளையை நாங்களே கெடுத்துவிட்டோமா?

ஒரு வாசகர், சேலம்

அன்புள்ள தம்பி,

அப்படியெல்லாம் ஒன்றும் கெட்டுவிடவில்லை. நீங்கள் போட்ட கணக்கை அவன் சரியாகப் பிடித்துக்கொண்டான், அவ்வளவுதான்.

கிளிப் என்று படித்ததுமே ஒரு ஆய்வு நினைவுக்கு வந்தது. ஜெர்மனியின் லைப்சிக் நகரில் ஃபெலிக்ஸ் வார்னெகன், மைக்கேல் டொமசெல்லோ இருவரும் செய்து 2006-ல் வெளியிட்டது. 18 மாதக் குழந்தைகள் 24 பேர். முன்பின் தெரியாத ஒருவர் கொடியில் துணி போடுகிறார். கிளிப் கைதவறி விழுகிறது. எட்டி எட்டிப் பார்க்கிறார், எட்டவில்லை. பெரும்பாலும் அவர் குழந்தையின் முகத்தைத் திரும்பிப் பார்ப்பதற்கு முன்பே, அது தத்தித் தத்திப் போய்க் கிளிப்பை எடுத்து நீட்டிவிடுகிறது. அவரே வேண்டுமென்று கிளிப்பைக் கீழே எறிந்தாலோ, அந்த அளவுக்குப் போய் எடுப்பதில்லை. 24 பேரில் 22 பேர் ஏதாவது ஒரு வேலையிலாவது உதவினார்கள். எவருக்கு என்ன தேவை என்று ஒன்றரை வயதிலேயே புரிகிறது, செய்யவும் மனம் வருகிறது. உங்கள் பையன் மாடிக்கு ஓடி வந்தது அந்த மனத்தோடுதான்.

இரண்டு வருடம் கழித்து அதே இருவர் 20 மாதக் குழந்தைகளிடம் வேறொன்றைப் பார்த்தார்கள். உதவிய குழந்தைகளில் சிலருக்கு விளையாட்டுக் கட்டை ஒன்றைப் பரிசாகக் கொடுத்தார்கள். சிலரைப் பாராட்டினார்கள். சிலருக்கு ஒன்றுமே இல்லை. பிறகு பரிசை நிறுத்திவிட்டுப் பார்த்தால், பரிசு வாங்கிப் பழகியவர்களே குறைவாக உதவினார்கள். உங்கள் ஃபிரிட்ஜ் கதவில் நடந்தது அதுதான்.

இதற்கும் முன்பு, 1973-ல், அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழக மழலையர் பள்ளியில் படம் வரைவதில் ஆசையுள்ள பிள்ளைகளிடம் "வரைந்தால் சான்றிதழ்" என்று முன்கூட்டியே சொல்லி வரையச் சொன்னார்கள். ஒன்றிரண்டு வாரம் கழித்து, மற்றவர்களைவிட ஏறக்குறைய பாதி நேரம்தான் அவர்கள் ஸ்கெட்ச் பேனாவைத் தொட்டார்கள். சொல்லாமல் கடைசியில் சான்றிதழ் வாங்கியவர்களுக்கு ஆசை குறையவில்லை. அதனால் துணி போட்டு முடித்ததும் ஒரு மாம்பழம் நறுக்கி எல்லோரும் தின்றால் தப்பே இல்லை. பேரம்தான் கூடாது.

என் மகள் மூன்று வயதில் என்னோடு முருங்கைக்கீரை ஆய உட்காருவாள். முறத்தில் காம்பு பாதி, இலை பாதி. அவள் தூங்கியபின் நான் மறுபடி ஆய்வேன். ஒரு நாள் அவசரத்தில் "தா, நானே செஞ்சுக்கிறேன்" என்று பிடுங்கிவிட்டேன். நாலு நாள் முறத்துப் பக்கமே வரவில்லை. அது இன்றைக்கும் எனக்கு வலிக்கிறது. கூலி கொடுப்பதும் கையிலிருந்து பிடுங்குவதும் குழந்தையிடம் ஒரே சேதியைத்தான் சொல்கின்றன: இது உன் வேலை இல்லை.

அடி வேண்டவே வேண்டாம். எலிசபெத் கெர்ஷாஃப், ஆண்ட்ரூ குரோகன் கெய்லர் இருவரும் 2016-ல் 75 ஆய்வுகளை, ஏறக்குறைய 1,60,000 குழந்தைகளைப் பற்றிய விவரங்களைத் தொகுத்துப் பார்த்தார்கள். அடியோடு சேர்ந்து வந்தவை முரட்டுத்தனமும் பெற்றோரிடம் விலகலும்தான். நல்லது ஒன்றையும் அவர்கள் காணவில்லை. அம்மாவிடம் இந்த எண்களையெல்லாம் சொல்லி வாதாட வேண்டாம். அவர் பூண்டு உரிக்கும்போது பையனைப் பக்கத்தில் உட்கார வையுங்கள், போதும்.

அட்டையை அவன் தூங்கும்போது கிழிக்காதீர்கள், அவனிடம் சொல்லிவிட்டே எடுங்கள். "இனிமே ஸ்டார் இல்லடா கண்ணு. துணி ஈரமா இருக்கு, காயப்போடணும்." அழுவான், அழட்டும், பக்கத்தில் இருங்கள். சில நாள் மாடிக்கு வராமலும் இருப்பான். வற்புறுத்திக் கூப்பிட வேண்டாம். கிளிப் டப்பாவை மட்டும் அவன் கைக்கு எட்டுகிற மாதிரி கீழே வைத்திருங்கள்.