பென்டியம் ஜி4560 பிராசசருக்கு மலிவாக எந்த மதர்போர்டு வாங்கலாம்?

எச்310 போர்டை மட்டும் வாங்கிவிடாதீர்கள். பழைய போர்டு போய்விட்டது, ஜி4560 நன்றாக இருக்கிறது, கடைக்காரர் எச்310-ஐக் காட்டி "இதுவும் 1151 சாக்கெட்தான்" என்கிறார் என்று கேட்டிருக்கிறீர்கள். சாக்கெட் எண் அதேதான், பிராசசரும் அதில் கச்சிதமாக உட்காரும். ஆனால் ஓடாது. எட்டாம் தலைமுறையைக் கொண்டுவந்தபோது இன்டெல் சில பின்களின் வேலையை மாற்றிவிட்டது. எச்310, பி360, இசட்370 எல்லாம் எட்டு, ஒன்பதாம் தலைமுறைக்கானவை. உங்களுடையது 2017 ஜனவரியில் வந்த ஏழாம் தலைமுறை. அதற்கு 100 அல்லது 200 வரிசை சிப்செட் (போர்டை நிர்வகிக்கும் முக்கிய சிப்; போர்டின் பெயரே அதை வைத்துத்தான்) வேண்டும்.

அதில் விலை குறைவானது எச்110. 54 வாட் எடுக்கும், இரண்டு கோர் உள்ள இந்தப் பிராசசருக்கு அது தாராளமாகப் போதும். இதை ஓவர்கிளாக் செய்ய, அதாவது நிர்ணயித்த வேகத்துக்கு மேல் ஓட்ட முடியாது, அதனால் இசட்170, இசட்270 எல்லாம் வீண் செலவு. கொஞ்சம் கூடுதல் விலையில் பி250 கிடைத்தால் நான் அதைத்தான் எடுப்பேன். அது ஏழாம் தலைமுறையோடு சேர்ந்தே வந்த சிப்செட், வேகமான என்விஎம்இ வகை எஸ்எஸ்டி (சேமிப்பு டிரைவ்) போடும் எம்.2 ஸ்லாட்டும் பெரும்பாலும் இருக்கும்.

எச்110-இல் ஒரு சிக்கல் உண்டு. அது 2015-இல் ஆறாம் தலைமுறைக்காக வந்தது. பழைய பயாஸோடு (கம்ப்யூட்டரை முதலில் இயக்கும், போர்டிலேயே பதிந்த மென்பொருள்) இருக்கும் போர்டில் உங்கள் பிராசசரைப் போட்டால் ஃபேன் சுற்றும், திரையில் ஒன்றும் வராது. பலர் இதைப் பார்த்துவிட்டு பிராசசரே போய்விட்டது என்று முடிவு கட்டிவிடுகிறார்கள். போர்டின் மாடல் பெயரைத் தயாரிப்பாளர் தளத்தில் தேடி, சிபியு சப்போர்ட் பட்டியலில் ஜி4560-க்கு எதிரே எந்த பயாஸ் பதிப்பு போட்டிருக்கிறது என்று பாருங்கள். அப்டேட் செய்ய ஆறாம் தலைமுறைப் பிராசசர் ஒன்று வேண்டும். கடையில் பழைய செலரான் ஜி3900 மாதிரி ஏதாவது இருக்கும். அதைப் போட்டு அப்டேட் செய்து, பிறகு உங்கள் பிராசசரில் டிஸ்ப்ளே வருவதைக் காட்டச் சொல்லுங்கள். ஜி4560-க்குள்ளேயே கிராபிக்ஸ் இருப்பதால் தனி கார்டு இல்லாமலே பார்த்துவிடலாம்.

அப்புறம் ரேம். எச்110 போர்டு டிடிஆர்3, டிடிஆர்4 இரண்டு வகையிலும் வந்தது. ஒன்றின் ரேம் மற்றதில் நுழையாது. உங்கள் பழைய ரேமைக் கையோடு எடுத்துப் போங்கள்.

செகண்ட் ஹேண்ட் என்றால், சென்னை ரிச்சி தெருவோ வேறு எங்கேயோ, முதலில் சாக்கெட் மூடியைத் திறந்து பாருங்கள். இந்த வகையில் பின்கள் பிராசசரில் இல்லை, போர்டில்தான் இருக்கின்றன. மொபைல் டார்ச்சைச் சாய்வாக அடித்தால், எல்லாம் நாற்று நட்ட மாதிரி ஒரே சாய்வில் வரிசையாக மின்ன வேண்டும். ஒரு இடத்தில் மட்டும் ஒளி மாறித் தெரிந்தால் அங்கே பின் வளைந்திருக்கிறது, அதை விட்டுவிடுங்கள். டெல், எச்பி, லெனோவோ ஆபீஸ் கம்ப்யூட்டரில் இருந்து கழற்றிய போர்டு மலிவாகக் கிடைக்கும். அவற்றில் பலவற்றுக்கு பவர் கனெக்டர் வேறு மாதிரி இருக்கும், உங்கள் எஸ்எம்பிஎஸ்ஸின் (கேபினெட்டில் இருக்கும் பவர் சப்ளை) 24 பின் வயர் பொருந்தாது. கேபினெட்டில் திருகு துளைகளும் சேராமல் போகலாம்.

ஒன்றை மனதில் வைத்துக்கொண்டு விலை பேசுங்கள். விண்டோஸ் 11 ஆதரவுப் பட்டியலில் இந்தப் பிராசசர் இல்லை, விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபரில் முடிந்துவிட்டது. லினக்ஸ் போட்டுப் பிள்ளைகள் படிக்க, டைப் அடிக்க, வீடியோ பார்க்க என்றால் இன்னும் சில வருடம் நிம்மதியாக ஓட்டலாம். ஆனால் போர்டோடு புது ரேமும் வாங்க வேண்டி வந்தால், ஐ5-6500 போட்ட பழைய ஆபீஸ் கம்ப்யூட்டர் முழுசாக என்ன விலை என்று அதே தெருவில் விசாரியுங்கள். இரண்டுக்கும் வித்தியாசம் கொஞ்சம்தான் என்றால் அதை வாங்குங்கள். நான்கு கோர் கிடைக்கும், போர்டு தேடும் வேலையும் இல்லை.