காசுக்காரர்களின் முகம்

அன்புள்ள ஐயா,

நான் ஓவியம் வரைகிறேன். கிறிஸ்தவக் கலைஞர்கள் சுற்றியுள்ள சமூகத்தை நோக்கித் தீர்க்கதரிசனமாகப் பேச வேண்டும் என்று எங்கள் சபையில் அடிக்கடி சொல்கிறார்கள். படத்தின் கீழே வசனம் எழுதினால் வெளியார் ஒதுங்குகிறார்கள். எழுதாவிட்டால் சபையார் முகம் சுளிக்கிறார்கள். நான் என்ன செய்ய?

எஸ்.

அன்புள்ள எஸ்.,

வசனம் எழுதுவதும் விடுவதும் உங்கள் இஷ்டம். இதற்கெல்லாம் ஒரு கடிதமா? ஆனால் 'சுற்றியுள்ள சமூகத்தை நோக்கி' என்றீர்களே, அங்கேதான் எனக்குச் சுருக்கென்றது. கொஞ்ச நாளாக இதே யோசனைதான்.

பைபிளில் வரும் தீர்க்கதரிசி எசேக்கியேல் செங்கல்லில் எந்த நகரத்தை வரைந்தார்? எதிரியின் பாபிலோனையா? சொந்த ஜனத்தின் எருசலேமை. அதை எதிரே வைத்துக்கொண்டு 390 நாள் இடப்பக்கமாகப் படுத்துக்கிடந்தார். தீர்க்கதரிசி எரேமியா மண்கலசத்தைப் போட்டு உடைத்தது சொந்த ஜனத்து மூப்பர்களின் கண்முன்னால். தீர்க்கதரிசி ஆமோஸ் அயலாரில்தானே தொடங்குகிறார் என்பீர்கள். ஆமாம். தமஸ்கு, காசா, தீரு என்று ஒவ்வொன்றாகச் சாடுகிறார். கேட்பவன் தலையாட்டி ரசித்துக்கொண்டிருக்கும்போதே சொந்த ஜனமான யூதாவுக்கும் இஸ்ரவேலுக்கும் வந்துவிடுகிறார். வெளியே பார்த்துச் சத்தம் போட தீர்க்கதரிசி எதற்கு, மைக் போதுமே!

கோபப்படாதீர்கள். நானும் இதே தப்பைச் செய்தவன்தான். இருபது வயதில், இயேசு தேவாலயத்தில் காசு மாற்றிக்கொடுக்கும் காசுக்காரர்களின் பலகைகளைக் கவிழ்க்கும் காட்சியைப் பெரிதாக வரைந்தேன். எல்லாரும் மெச்சினார்கள். வயதான உபதேசியார் ஒருவர் மட்டும் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு, மூக்கு படத்தில் இடிக்கும் அளவுக்குக் குனிந்து, ஒவ்வொரு முகமாகப் பார்த்தார்.

"தம்பி, இதுல நம்ம ஆளு ஒருத்தனும் இல்லியே?"

எனக்கு ஆத்திரமாக வந்தது. என் வண்ணத்தைப் பற்றி அவர் ஒரு வார்த்தை சொல்லவில்லை. ஆனால் அவர் சொன்னது நிஜம். நான் வரைந்த காசுக்காரர்கள் அத்தனை பேரும் எங்கிருந்தோ வந்த அந்நியர்கள். உருட்டிய கண், வளைந்த மூக்கு. ஒருவனையும் எனக்குத் தெரியாது.

இன்னொருவன் மனைவியை எடுத்துக்கொண்ட தாவீது ராஜாவைக் கண்டிக்க வந்த தீர்க்கதரிசி நாத்தான் இப்படிச் செய்யவில்லை. ஏழையின் ஒரே ஆட்டுக்குட்டியை ஒரு பணக்காரன் பறித்த கதையைச் சொன்னார். அந்தக் குட்டி ஏழையின் பாத்திரத்திலே குடித்தது, அவன் மடியிலே படுத்தது என்றார். திருட்டைச் சொல்ல அந்த மடி தேவையே இல்லை. ஆனால் தாவீது விழுந்தது அந்த மடியில்தான். 'நீயே அந்த மனுஷன்' என்பது அதற்குப் பிறகுதான் வருகிறது.

அன்றிரவு ஒரு காசுக்காரனின் முகத்தைச் சுரண்டிவிட்டுத் திரும்ப வரைய உட்கார்ந்தேன். விடியும்வரை மல்லுக்கட்டினேன். என் அப்பாவின் தாடை வந்துவிட்டது. பயந்துபோய்ப் படத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பி வைத்தேன். அதை இன்றுவரை முடிக்கவில்லை.

நீங்கள் வரைந்ததில் ஒன்றை அனுப்புங்கள். கீழே வசனம் இருந்தாலும் பார்க்கிறேன்.