கடுமையான பயிற்சித் திட்டத்தை முடித்தால் ஆளே மாறிவிடுவோமா?

உடற்பயிற்சியும் தியானமும் கலந்த ஒரு மாதத் திட்டத்தை முடித்தவர்கள் 'நான் புது ஆள்' என்கிறார்களே, உண்மையா என்று கேட்டிருக்கிறீர்கள். பாதி உண்மை.

முதல் சில வாரங்களில் கூடும் பலத்துக்குத் தசை வளர்ச்சி முக்கியக் காரணமல்ல. இருக்கும் தசையையே நரம்புகள் நன்றாக இயக்கப் பழகிவிடுகின்றன. அதனால் கண்ணாடியில் ஒன்றும் தெரியாதபோதே எடை தூக்குவது எளிதாகிறது. பலரும் கண்ணாடியை நம்பி அங்கேயே விட்டுவிடுகிறார்கள், பாவம்.

தியானத்தால் மனம் அலைவது நிற்காது. அலைந்ததைச் சீக்கிரம் கவனிக்கிறோம், அவ்வளவுதான். ஆனால் கோபத்தில் வாய் திறக்கும் முன் ஒரு நொடி கிடைக்கிறது பாருங்கள், மொத்தத் திட்டத்திலும் பெரிய லாபம் அதுதான் என்பேன்.

சரி, நிலைக்குமா? 2010-இல் வெளியான லண்டன் யுனிவர்சிட்டி காலேஜ் ஆய்வில், ஒரு செயல் பழக்கமாக 18 முதல் 254 நாள் வரை ஆகும் என்று கணக்கிட்டார்கள், நடுமதிப்பு 66. ஆகவே 30 நாளில் பலருக்கும் பாதி தூரம்தான். திட்டம் முடியும் முன்பே அடுத்த வாரம் எப்போது செய்வது என்று குறித்துவிடுங்கள். அளவைப் பாதியாக்கினாலும் பரவாயில்லை, நேரத்தை மட்டும் மாற்றாதீர்கள். அப்புறம், மனநலச் சிகிச்சையில் இருப்பவர்கள் நீண்ட மௌனத் தியானத்துக்கு முன் மருத்துவரிடம் கேட்டுக்கொள்வது நல்லது.