ஒட்டிய பவளத் துண்டுகள் உதிர்கின்றன, எந்தப் பசை வாங்கலாம்?

கேள்வி: ஐயா, பவளம் வளர்க்கும் என்னுடைய 200 லிட்டர் கடல்நீர் ரீஃப் தொட்டிக்கு எட்டு மாதம் ஆகிறது. போன மாதம் ஆறு ஃப்ராக் (பெரிய பவளத்திலிருந்து வெட்டிய துண்டு) வாங்கினேன். கடினப் பவளத்தில் அக்ரோபோரா இரண்டு, மாண்டிபோரா ஒன்று; சதைப்பற்றுள்ள வகைகளில் ஸோயா, லெதர், மஷ்ரூம் ஒவ்வொன்று. வந்த அன்றே சூப்பர் க்ளூ ஜெல் போட்டு, பிளக்கோடு (துண்டு ஒட்டி வரும் சிறு அடித்தட்டு) சேர்த்துப் பாறையில் ஒட்டிவிட்டேன். அன்று முதல் நிம்மதி இல்லை. காலையில் எழுந்து பார்த்தால் இரண்டு மூன்று மணலில் கிடக்கின்றன. பிளக்கின் அடியில் பசை தகடாக அப்படியே இருக்கிறது, அதன்மேல் பழுப்பும் இளஞ்சிவப்புமாக ஏதோ படிந்திருக்கிறது. குப்புற விழுந்த மாண்டிபோராவின் ஒரு பக்கம் வெளுத்துப்போய்விட்டது. கடைக்காரரோ பசை போதவில்லை, இன்னும் தாராளமாகப் போடுங்கள் என்கிறார். பவளத்துக்கென்றே வரும் தனிப் பசையையும், சீக்கிரம் இறுக வைக்கும் ஸ்பிரேயையும் வாங்கச் சொல்கிறார். வாங்கலாமா? எந்தப் பசை நல்லது?

பதில்: கேட்டதற்கு முதலில் சொல்லிவிடுகிறேன். இரண்டையும் வாங்க வேண்டாம். பவளப் பசை என்று விற்கிற டியூபைத் திருப்பி மூலப்பொருளைப் படியுங்கள். பெரும்பாலும் சயனோஅக்ரிலேட் என்றுதான் இருக்கும். உங்கள் கையில் இருக்கும் ஜெல்லும் அதேதான். படத்தில் ஒரு பவளத்தைப் போட்டு நாலு மடங்கு விலை வைப்பதை நான் வியாபாரம் என்று சொல்ல மாட்டேன். ஜெல்லாக இருக்க வேண்டும், அது ஒன்றுதான் முக்கியம். நீராக ஓடுகிற வகை தண்ணீர் பட்டதும் வெள்ளை நூல் நூலாகப் பிரிந்து தொட்டி முழுக்க மிதக்கும்.

ஸ்பிரேக்கும் இங்கே வேலை இல்லை. சயனோஅக்ரிலேட்டை இறுக வைப்பதே ஈரம்தான், உங்கள் வேலை முழுக்க ஈரத்தில்தான் நடக்கிறது. தாராளமாகப் போடுங்கள் என்பது அதைவிட மோசமான யோசனை. குவியலாக வைத்த பசை வெளியே உடனே தோல் கட்டிக்கொள்ளும், உள்ளே வெகுநேரம் இளகியே இருக்கும். ஒரு பட்டாணி அளவு, பெரிய துண்டாக இருந்தால் இரண்டு, அது போதும்.

இனி நீங்கள் கேட்காத விஷயத்துக்கு வருகிறேன். பதில் உங்கள் கடிதத்திலேயே இருக்கிறது. பசைத் தகடு பிளக்கை விடவில்லை, பாறையைத்தான் விட்டிருக்கிறது. அதன் அடியில் பழுப்பும் இளஞ்சிவப்புமாக ஒட்டிக்கொண்டு வந்தது பாறையின் மேல்தோல். பழுப்பு நிறம் டயாட்டம் என்கிற நுண்பாசியும் பாக்டீரியாப் படலமும். இளஞ்சிவப்பு கோரலைன் பாசி. நீங்கள் பாறையில் ஒட்டவே இல்லை, பாறைமேல் படர்ந்திருந்த தோலில் ஒட்டியிருக்கிறீர்கள். பாசி பிடித்த சுவரில் சுண்ணாம்பு அடித்தால் அது பாசியோடு சேர்ந்து உரிந்து வருவதற்கும் இதற்கும் வித்தியாசம் இல்லை.

எட்டு மாதத் தொட்டியில் இந்தப் படலம் இல்லாத பாறையே கிடையாது. அது இருப்பது நல்லதும்கூட. ஆனால் ஒட்டும் இடத்தில் மட்டும் இருக்கக் கூடாது. விரலால் தடவிப் பாருங்கள், வழுவழுப்பாக இருந்தால் அங்கே எந்தப் பசையும் நிற்காது. கோரலைன் கெட்டியாகத்தான் இருக்கிறது, அதன்மேலேயே ஒட்டலாமே என்று பலர் நினைக்கிறார்கள். அது கெட்டிதான். ஆனால் மெல்லிய சில்லாக வளர்கிறது, சில்லின் ஓரத்தில் நகத்தை விட்டு நெம்பினாலே பெயர்ந்து வந்துவிடும். அதன்மேல் ஒரு பிளக்கைத் தொங்கவிட்டு நாள் முழுக்க நீரோட்டம் அசைத்துக்கொண்டிருந்தால் எத்தனை நாள் தாங்கும்?

அதனால் சுரண்டுங்கள். பல் துலக்கும் பிரஷ்ஷை வைத்து நாலு தேய்ப்பு தேய்ப்பதைச் சொல்லவில்லை. துருப்பிடிக்காத எஃகில் செய்த சிறிய உளியோ சுரண்டியோ எடுத்து, துண்டு உட்காரும் இடத்தைச் சுற்றி 2 முதல் 3 செ.மீ. வட்டத்துக்கு, பாறையின் சொந்த வெள்ளை தெரியும்வரை சுரண்ட வேண்டும். சரியாகச் சுரண்டிய இடத்தை விரலால் தொட்டால் சொரசொரவென்று இருக்கும், உப்புத்தாள் மாதிரி நகத்தில் உரசும். அங்கங்கே புள்ளியாக இளஞ்சிவப்பு மிச்சமிருந்தால் பரவாயில்லை. வழுவழுப்பு மட்டும் மிச்சம் இருக்கக் கூடாது. சுரண்டிய தூளைத் தொட்டித் தண்ணீரை ஒரு உறிஞ்சுகுழலில் எடுத்துப் பீய்ச்சி அடித்துத் தள்ளிவிடுங்கள். தூள் கிடந்தால் பசை தூளில்தான் ஒட்டும். அப்புறம் உடனே ஒட்டுங்கள். இன்று சுரண்டிவிட்டு அடுத்த வாரம் ஒட்டலாம் என்று விட்டால் படலம் திரும்பியிருக்கும்.

கடலில் பவளப் பாறைகளை மீட்டெடுக்கிறவர்களும் இந்த வேலையைத்தான் முதலில் செய்கிறார்கள். ஃபுளோரிடாவில் நர்சரியில் வளர்த்த ஸ்டாகார்ன் பவளத்தைக் கடலடியில் நடும்போது, எபாக்ஸி என்கிற பசையைக் கையில் எடுப்பதற்கு முன் அந்த இடத்துப் பாசியைச் சுத்தியலால் கொத்திச் சுரண்டிப் பாறையை வெளியே கொண்டுவருகிறார்கள். அலையடிக்கிற கடலில் நிற்க வேண்டிய துண்டுக்கே அடிப்படை இதுதான்.

சுரண்டுவதை நான் இவ்வளவு வலியுறுத்த இன்னொரு காரணமும் உண்டு. பசை சில வாரங்களுக்கு ஒரு பிடிமானம், அவ்வளவுதான். அக்ரோபோராவும் மாண்டிபோராவும் தங்கள் அடித்திசுவைப் படரவிட்டு, சுண்ணாம்பு எலும்பைப் பாறைமேலேயே கட்டி, தாங்களாகப் பிடித்துக்கொள்ளும். சுத்தமான பாறை பக்கத்தில் இருந்தால் அந்தப் படர்வுக்குத் தடை இல்லை. வழியில் பாசி புதர் கட்டியிருந்தால் பவளம் அதோடு இடத்துக்குச் சண்டை போட்டு வளர வேண்டும்.

அதே காரணத்துக்காக பிளக்கையும் வெட்டி எறியுங்கள் என்பேன். பிளக்கோடு ஒட்டினால் பவளம் முதலில் பிளக்கை மூட வேண்டும், அப்புறம் அதன் விளிம்பில் இறங்கிப் பாறைக்கு வர வேண்டும். அதைவிடப் பெரிய ஆபத்து, பிளக்கின் அடியிலும் தண்டிலும் என்னென்ன குடியிருக்கிறது என்பது. ஐப்டேசியா என்கிற தொல்லை தரும் கடல் அனிமோன், வெர்மெடிட் நத்தையின் குழாய்கள், குமிழ்ப் பாசி எல்லாம் அங்கேதான் ஒளிந்து வருகின்றன. அக்ரோபோராவைத் தின்னும் தட்டைப்புழு முட்டையிடுவதும் திசு இல்லாத வெற்று எலும்பில், அடிப்பகுதியில்தான். டிப் போட்டுத்தான் (பூச்சிமருந்துக் கரைசலில் முக்கித்தான்) கொடுத்தோம் என்று விற்பவர் சொன்னால், டிப் புழுவைக் கொல்லும், முட்டையைக் கொல்லாது என்று அவரிடமே சொல்லுங்கள். எலும்பு வெட்டும் கத்தரியால் பிளக்குக்குச் சற்று மேலே வெட்டிவிட்டால் இந்தத் தொல்லையில் பாதி போய்விடும். வெட்டிய துண்டின் அடியையும் லென்ஸ் வைத்துப் பாருங்கள்.

ஒட்டும் முறையைச் சுருக்கமாகச் சொல்கிறேன். பம்புகளை நிறுத்துங்கள். துண்டின் அடியை ஒரு துணியில் ஒற்றி ஈரம் எடுங்கள், ஜெல் வையுங்கள், தண்ணீருக்குள் கொண்டுபோங்கள். போகும்போதே ஜெல்லின்மேல் வெள்ளைத் தோல் கட்டிவிடும். அதை அப்படியே பாறையில் வைத்தால் தோல்தான் பாறையைத் தொடும், பசை தொடாது. அழுத்தி, இப்படியும் அப்படியும் லேசாகத் திருகினால் தோல் கிழிந்து உள்ளே இருக்கும் பசை வெளியே வரும். அரை நிமிடமாவது அசையாமல் பிடித்திருங்கள். ஒரு கால் மணி நேரம் கழித்துப் பம்பைப் போடலாம்.

கனமான துண்டுக்கும், சரிவான இடத்துக்கும் இரண்டு பாகம் பிசைகிற எபாக்ஸி மாவு தேவைப்படும். அது பள்ளத்தை நிரப்பித் தாங்குமே தவிர, ஈரப் பாறையில் தானாக நன்றாக ஒட்டாது. பாறையில் ஜெல், அதன்மேல் மாவு, அதன்மேல் ஜெல், அப்புறம் துண்டு என்று அடுக்கினால் நிற்கும். மாவு இறுகும்போது சூடாகும், அதனால் திசுவில் படாமல் பார்த்துக்கொள்ளுங்கள். ஸ்கிம்மர் (கழிவை நுரையாக்கிப் பிரிக்கும் கருவி) ஒரு நாள் நுரைத்துத் தள்ளலாம், கோப்பையைக் கவனியுங்கள்.

உங்கள் லெதரும் மஷ்ரூமும் இந்தக் கணக்கில் வராது. மேல்தோலையும் சளியையும் உதிர்க்கிற உடம்பு அவற்றுக்கு. சதையில் பசை வைத்தால் பசையையும் சேர்த்து உதிர்த்துவிடும். மஷ்ரூமை ஒரு சிறு கிண்ணத்தில் உடைந்த பாறைத் துண்டுகளோடு போட்டு, மேலே வலை கட்டி, நீரோட்டம் குறைந்த மூலையில் வையுங்கள். தானே ஒரு கல்லைப் பிடித்துக்கொள்ளும், அந்தக் கல்லை ஒட்டுங்கள். லெதரையும் தளர்வான ரப்பர் பேண்டோ வலையோ போட்டு ஒரு கல்லோடு சேர்த்துக் கட்டிவிட்டால் பிடித்துக்கொள்ளும்.

ஸோயாவைக் கையாளும்போது கையுறையும் கண்ணாடியும் கட்டாயம். ஸோயா, பாலிதோவா இனங்கள் சிலவற்றில் பாலிடாக்சின் என்கிற கொடிய நஞ்சு இருக்கிறது. கையில் கீறல் இருந்தாலோ, வெட்டும்போது சாறு கண்ணில் தெறித்தாலோ ஆஸ்பத்திரிக்குத்தான் ஓட வேண்டும். அது படர்ந்த பாறையை வெந்நீர் ஊற்றியோ கொதிக்க வைத்தோ சுத்தம் செய்யவே கூடாது. அந்த ஆவியைச் சுவாசித்துக் குடும்பத்தோடு மருத்துவமனையில் சேர்ந்தவர்கள் உண்டு.

இன்னொன்று. வந்த அன்றே ஒட்டியது ஏன்? அந்தத் துண்டுகள் விற்பவரின் விளக்கில் எவ்வளவு வெளிச்சத்தில் இருந்தன என்று உங்களுக்குத் தெரியாது. கீழே ஒரு ஃப்ராக் தட்டில் இரண்டு மூன்று வாரம் வைத்து, வெளிச்சத்துக்கும் நீரோட்டத்துக்கும் பழக்கி, பாலிப் (பவளத்தின் பூப்போன்ற சிற்றுயிர்) நன்றாக விரிகிற இடம் எது என்று பார்த்துவிட்டு அங்கே ஒட்டியிருக்கலாம். பூச்சி ஏதாவது இருந்தாலும் அதற்குள் தெரிந்திருக்கும். நேற்று வெட்டியதை இன்று விற்கிறவர்கள் நிறைய இருக்கிறார்கள். வெட்டுக்காயம் ஆறாத துண்டை வாங்காதீர்கள். வெட்டிய ஓரத்தைத் திசு மூடியிருக்கிறதா என்று பார்த்தாலே தெரிந்துவிடும்.

இரவில்தான் விழுகின்றன என்றால் யார் தள்ளுவது என்றும் பாருங்கள். டர்போ நத்தையும் கடல் முள்ளெலியும் ஊர்கிற வழியில் இருப்பதையெல்லாம் இடித்துக்கொண்டே போகும். விளக்கு அணைந்தபின் சிவப்பு டார்ச் அடித்துப் பார்த்தால் தெரியும். வெறும் பாறையில் நன்றாக ஒட்டிய துண்டை அவற்றால் சுலபத்தில் அசைக்க முடியாது.

மாண்டிபோராவை முதலில் காப்பாற்றுங்கள். வெளுத்த பகுதியில் திசு இருக்கிறதா, வெறும் எலும்பா என்று லென்ஸில் பாருங்கள். பாலிப் தெரிந்தால் நிறம் மட்டும்தான் போயிருக்கிறது, மிதமான வெளிச்சத்தில் வைத்தால் தேறிவிடும். வெறும் எலும்பாக இருந்தால் உயிருள்ள பகுதியில் அரை செ.மீ. சேர்த்து வெட்டி, மிச்சத்தைத் தட்டில் வையுங்கள். மற்ற துண்டுகளையும் தட்டுக்குக் கொண்டுவந்துவிட்டு, ஒட்டுவதற்கு முன் காரத்தன்மையை ஒரு வாரம் தினமும் ஒரே நேரத்தில் அளந்து எழுதிவையுங்கள். 8 டிகேஎச் (காரத்தன்மையின் அலகு) பக்கத்தில், நாளுக்கு நாள் அரை டிகேஎச்சுக்கு மேல் ஆடாமல் இருந்தால், கால்சியமும் லிட்டருக்கு 400 முதல் 450 மி.கி. வரை இருந்தால், அக்ரோபோராவில் ஒன்றை மட்டும் முதலில் ஒட்டுங்கள். அது அடியில் வெள்ளை விளிம்பு விட்டுப் பாறைமேல் படர ஆரம்பித்ததும் அடுத்ததை ஒட்டலாம்.