மியான்மர் மாணவரைக் கண்டனக் கூட்டத்தில் பேச வைக்கலாமா?

கேள்வி: மார்த்தாண்டம் பக்கத்தில் எங்கள் சபை வாலிபர் சங்கம் மியான்மர் ராணுவ ஆட்சியைக் கண்டித்து ஆலய மண்டபத்தில் கூட்டமும், ஜங்ஷன் வரை மெழுகுவர்த்தி ஊர்வலமும் நடத்தப் போகிறது. இங்கே இறையியல் படிக்கும், மியான்மரின் சிறுபான்மை இனங்களில் ஒன்றான சின் இனத்து மாணவர் ஒருவர் பேசச் சம்மதித்திருக்கிறார். நாடு கடந்து வாழும் சிறுபான்மை இன அமைப்புகளின் கண்டன அறிக்கை ஒன்று வாட்ஸ்அப்பில் வந்தது. அதையும் வாசிக்க இருக்கிறோம். போலீஸ் அனுமதி வேண்டுமா? அந்தத் தம்பிக்குச் சிக்கல் ஏதும் வருமா?

பதில்: முதலில் அந்த அறிக்கை. நீங்கள் அனுப்பிய படத்தில் தேதி வெட்டுப்பட்டிருக்கிறது. ஆனால் டீசல் விலை இரட்டிப்பானது, புத்த பிக்குகள் பிச்சைப் பாத்திரத்தைக் கவிழ்த்தது, ஆட்சிக்கு 'அரசு அமைதி மற்றும் வளர்ச்சிக் கவுன்சில்' என்ற பெயர் என எல்லாமே 2007-ஐத்தான் காட்டுகின்றன. அந்தப் பெயரில் ராணுவம் ஆண்டது 1997 முதல் 2011 வரை. 2007-இல் பகோக்கு என்ற ஊரில் சிப்பாய்கள் பிக்குகளை அடித்தார்கள். ராணுவம் மன்னிப்புக் கேட்க வேண்டும் என்றார்கள் பிக்குகள், ராணுவம் கேட்கவில்லை. இனி ராணுவத்தார் கையால் சோறு வாங்க மாட்டோம் என்று பிக்குகள் பாத்திரத்தைக் கவிழ்த்துப் பிடித்து நடந்தார்கள். நம் சபை வழக்கத்தில் சொன்னால், ஆட்சியாளரையே சபை நீக்கம் செய்த மாதிரி.

ஆகவே அது போலி அறிக்கை அல்ல, பழைய அறிக்கை. இன்றைய செய்தியாக வாசித்தால் மானக்கேடு. அதில் ஒரு வரியை மட்டும் எடுத்துக்கொள்ளலாம்: ராணுவம், ஜனநாயகக் கட்சிகள், சிறுபான்மை இனங்கள் என முத்தரப்புப் பேச்சு வேண்டும் என்ற கோரிக்கை. 1947-இல் பாங்லாங் என்ற ஊரில் சின், கச்சின், ஷான் இனத் தலைவர்கள் பர்மிய விடுதலைத் தலைவர் ஆங் சானோடு ஒப்பந்தம் போட்டுத்தான் ஒன்றியத்தில் சேர்ந்தார்கள். அதில் சொன்ன தன்னாட்சி கிடைக்கவே இல்லை. ராங்கூன் தெருவில் பர்மியப் பிக்கு அடிபடும்போது எல்லைக்கு வெளியே இருக்கிற சின்காரர் குரல் கொடுப்பதில் இந்தப் பழைய கணக்கும் உண்டு.

கூட்டத்தில் சொல்ல 2021 முதலான செய்தி நிறையவே இருக்கிறது. 2021 பிப்ரவரி 1 அன்று ராணுவம் ஆட்சியைப் பிடித்ததும் மக்கள் ராத்திரி பாத்திரம் தட்டித்தான் எதிர்ப்புக் காட்டினார்கள். பேயை விரட்ட அங்கே அப்படித் தட்டுவது வழக்கம். மார்ச் 27 ஒரே நாளில் நூறு பேருக்கு மேல் கொல்லப்பட்டார்கள். அதே ஆண்டு செப்டம்பரில் சின் மாநிலத்துத் தான்ட்லாங் ஊர் எரிந்தபோது, தீயை அணைக்கப் போன பாப்டிஸ்ட் போதகர் சுட்டுக் கொல்லப்பட்டார்.

அனுமதி விஷயம் எளிது. மண்டபத்துக்குள் கூடிப் பேச போலீஸ் அனுமதி வேண்டாம். வெளியே குழாய் ஒலிபெருக்கி கட்டினால் வேண்டும். ஊர்வலத்துக்குக் கட்டாயம் வேண்டும்; ஒரு வாரத்துக்கு முன்பே பாதை, நேரம், ஆள் கணக்கு எழுதி ஸ்டேஷனில் மனுக் கொடுத்து ரசீது வாங்குங்கள். 1982-இல் மண்டைக்காட்டில் இந்து-கிறிஸ்தவக் கலவரத்தைப் பார்த்த மாவட்டம் இது. சபைப் பெயரில் ஊர்வலம் என்றாலே போலீஸ் நாலு கேள்வி அதிகம் கேட்கும். மறுத்தால் காரணத்தை எழுத்தில் கேளுங்கள். அதை வைத்து உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளைக்குப் போகலாம்.

அப்புறம் அந்தத் தம்பி. நான் யோசிப்பது இங்கேதான். அரசியல் சட்டத்தில் பேச்சுரிமை தரும் 19-வது பிரிவு இந்தியக் குடிமக்களுக்கு மட்டும். அவருக்கு உள்ளவை சமத்துவம் சொல்லும் 14, உயிரையும் சுதந்திரத்தையும் காக்கும் 21 போன்றவை. 1951 அகதிகள் உடன்படிக்கையில் இந்தியா கையெழுத்திடவில்லை. மாணவர் வீசாவில் வந்தவர் அரசியல் மேடையில் ஏறினார் என்று யாராவது புகார் எழுதினால் வீசாவே கேள்விக்குள்ளாகலாம். திரும்பிப் போனால் அவரை வரவேற்கப் போவது நீங்கள் கண்டிக்கிற அதே ராணுவம். ஊரில் அப்பா அம்மா இருந்தால் ஆபத்து இன்னும் கிட்டே. தேடும் ஆள் கிடைக்காதபோது வீட்டாரைப் பிடித்துப் போவது அங்கே நடந்திருக்கிறது.

அதனால் கண்டனத் தீர்மானத்தை நீங்கள் வாசியுங்கள், கையெழுத்தும் நீங்களே போடுங்கள். உங்களுக்கு அந்த உரிமை இருக்கிறது. அவர் விருப்பப்பட்டால், கல்லூரியில் சொல்லிவிட்டு, மண்டபத்துக்குள் தன் ஊரைப் பற்றியும் சபையைப் பற்றியும் பேசட்டும், ஜெபம் நடத்தட்டும். பெயர் வேண்டாம், படம் வேண்டாம், ஃபேஸ்புக் லைவ் கூடவே கூடாது. செல்போன்களை வாசலில் ஒரு கூடையில் வாங்கி வையுங்கள். ஊர்வலத்தில் அவர் வரவே வேண்டாம். 'சம்மதித்துவிட்டார்' என்கிறீர்கள், சாப்பாடு போடுகிற சபை கேட்டால் எந்த மாணவர் மறுப்பார்? தனியாக உட்கார வைத்து இன்னொரு தடவை கேளுங்கள்.

நம் ஊர்ப் பழக்கம் தெரியும், அதனால் கேட்கிறேன்: 'சிறப்பு விருந்தினர்' என்று அவர் படம் போட்டு ஃபிளெக்ஸுக்கு ஆர்டர் கொடுத்தாயிற்றா? கொடுத்திருந்தால், பிரிண்ட் ஆவதற்குள் கடைக்குப் போன் பண்ணி அந்தப் படத்தை எடுக்கச் சொல்லுங்கள்.